முழு அளவு பிக்கப் டிரக்: எந்த இன்ஜின் எப்படிக் கெடும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் முழு அளவு பிக்கப் டிரக் வாங்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். எந்த கம்பெனி நல்லது? டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி கொண்ட இன்ஜின்) வாங்கலாமா, பழைய பாணி வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) வாங்கலாமா? இந்த இரண்டு கேள்விகளையும் ஓரமாக வைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

காரணம் சொல்கிறேன். அண்மை ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்ட மூன்று இன்ஜின் பழுதுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8-இல், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டும் கனெக்டிங் ராடும் காலை வாரின. டொயோட்டா டண்ட்ராவின் இரட்டை டர்போ வி6-இல் தொழிற்சாலையிலேயே உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள் பேரிங்கைத் தின்றது. ஃபோர்டின் 2.7 லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ இன்ஜினில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு உடைந்தது. இந்த மூன்றில் ஒன்றில்கூடக் குற்றவாளி டர்போ இல்லை. "டர்போ இல்லாத பெரிய வி8 பாதுகாப்பு" என்ற நம்பிக்கையும் "டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்ற நம்பிக்கையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அடிவாங்கின.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். இந்த இன்ஜின் கெட்டால் எந்த இடத்தில் கெடும்? அதைச் சரிசெய்ய எவ்வளவு பிரிக்க வேண்டும்? செலவு யார் தலையில் விழும்? நான் வண்டியை ஓட்டும் விதம் அந்தப் பழுதை வரவழைக்குமா?

படி 1: வண்டிக்கு என்ன வேலை என்று எழுதிக்கொள்ளுங்கள்

இதில் நேரம் அதிகம் செலவிட வேண்டாம், ஆனால் பொய் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை படகு இழுக்கப் போகிறவர் தன்னை டிரெய்லர்காரராக நினைத்துக்கொண்டு டீசல் வாங்கிவிடுவார். பிறகு அதைத் தினமும் நான்கு மைல் தூரம் அலுவலகத்துக்கு ஓட்டுவார். டீசலின் புகைத்துகள் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் தேவை. நான்கு மைலில் அது நடக்காது.

எழுத வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு சராசரி ஓட்டத்தின் தூரம், மாதத்தில் எத்தனை நாள் எடை இழுப்பீர்கள், வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடும், எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஐந்து ஆண்டில் விற்கப் போகிறவருக்கும் இரண்டு லட்சம் மைல் ஓட்டப் போகிறவருக்கும் ஒரே இன்ஜினைப் பரிந்துரைக்க முடியாது.

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து எத்தனை பவுண்டு வரை ஏற்றலாம் என்பது அதில் அச்சாகியிருக்கும். விளம்பரத்தில் வரும் இழுதிறன் எண்ணை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். பல வண்டிகளில் இன்ஜின் இழுத்துவிடும்; முதலில் தீர்ந்துபோவது இந்த எடை வரம்புதான்.

படி 2: பழுதின் வகையைப் பிரித்துப் பாருங்கள்

இணையத்தில் தேடினால் எந்த இன்ஜினுக்கும் நூறு அழுகைகள் கிடைக்கும். அவற்றை அப்படியே எண்ணிக் கூட்டினால் டிரக்கே வாங்க மாட்டீர்கள். பழுது எந்த வகை என்று பிரித்தால்தான் அந்தப் புலம்பல்களுக்குப் பொருள் வரும்.

முதல் வகை தயாரிப்புக் கோளாறு. வரைபடம் சரி, செய்த கை தவறு. ஃபோர்டின் வால்வு விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021, 2022 மாடல்களில் பயன்படுத்திய 2.7, 3.0 லிட்டர் இன்ஜின்கள் சிலவற்றில் வால்வு உலோகம் தயாரிப்பின்போது அளவுக்கு மீறிச் சூடேறியதால் உடையும் தன்மை கொண்டதாக மாறியது. 2024-இல் சுமார் 90,000 வண்டிகள் ரீகால் செய்யப்பட்டன, அதாவது குறையை நீக்க நிறுவனமே திரும்ப அழைத்தது. இத்தகைய வால்வு பெரும்பாலும் 20,000 மைலுக்குள்ளேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இதன் விளைவு விசித்திரமானது: 60,000 மைல் ஓடிய 2021 மாடல் 2.7 லிட்டர் இன்ஜின், இந்த ஒரு விஷயத்தில் மட்டும், 2,000 மைல் ஓடியதைவிட நம்பத்தக்கது.

டண்ட்ராவின் கதையும் இதே வகை, ஆனால் அதில் ஒரு பாடம் கூடுதலாக உண்டு. 2024 மே மாதம் 2022, 2023 மாடல்களில் சுமார் 1,02,000 டண்ட்ராவும் லெக்சஸ் எல்எக்ஸும் ரீகால் செய்யப்பட்டன. ஹைபிரிட் டண்ட்ராவிலும் அதே இன்ஜின்தான் இருந்தது. ஆனாலும் அது பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இன்ஜின் நின்றாலும் மின் மோட்டார் வண்டியைச் சிறிது தூரம் நகர்த்திவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். ரீகால் என்பது பாதுகாப்புச் சட்டத்தின் கருவி; நம்பகத்தன்மைக்குத் தரும் சான்றிதழ் அன்று. ரீகால் இல்லை என்பதை இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று படிக்காதீர்கள். அந்தத் துகள் விவகாரம் 2024-ஓடு முடியவும் இல்லை. 2025 நவம்பரில் 2024 மாடல்களையும் சேர்த்து இன்னும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அழைக்கப்பட்டன.

இரண்டாம் வகை வடிவமைப்பிலேயே உள்ள பலவீனம். இது ஓட ஓட வரும். 80,000 மைலில் வரலாம், 1,40,000 மைலிலும் வரலாம், வராமலே போகலாம். வாரண்டி முடிந்தபின் வருவதால் வாங்குகிறவர் அதிகம் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். மூன்றாவது சாதாரணத் தேய்மானம்: தண்ணீர் பம்ப், கேஸ்கெட் கசிவு, ஸ்பார்க் பிளக். அதை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 3: இன்ஜின்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்

வடிவமைப்புப் பலவீனத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8-ஐவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. எரிபொருள் மிச்சப்படுத்த, சுமை குறைவான நேரத்தில் சில சிலிண்டர்களை இது தூங்க வைக்கும். பழைய முறையில் நான்கு குறிப்பிட்ட சிலிண்டர்கள் மட்டும் நிற்கும். 2019-இல் வந்த புதிய முறையில் எட்டில் எதை வேண்டுமானாலும் நிறுத்தலாம். 17 விதமான எரிப்பு வரிசைகள் உண்டு.

இது நடக்கும் இடம் லிஃப்டர். வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல்தண்டான கேம் ஷாஃப்டின் மேட்டில் உருளும் சிறு உருளையோடு கூடிய விரல் நீள உலோகத் துண்டு அது. அதன் உள்ளே ஒரு பூட்டு ஊசி. ஆயில் அழுத்தம் வந்தால் ஊசி உள்ளே போகும், லிஃப்டர் தனக்குள் மடங்கும், வால்வு திறக்காது. அழுத்தம் போனால் ஊசி வெளியே வந்து மீண்டும் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒருநாள் அது பூட்டிக்கொள்ளாது. டிக் டிக் என்று சத்தம், எரிப்புத் தவறல், மினுக்கும் இன்ஜின் விளக்கு. அப்படியே ஓட்டினால் லிஃப்டரின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுசெல்லும் புஷ்ராடு வளையும். உருளை சுழலாமல் நின்றுவிட்டால் கேம் ஷாஃப்டின் மேட்டை அது அரம் போல ராவிவிடும். லிஃப்டர் மலிவானதுதான், ஆனால் அதை எட்ட சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கேமும் போயிருந்தால் இன்ஜினின் முன்பக்கம் முழுவதும் பிரிபடும். பில்லில் பெரிய எண் கூலிதான்.

சிலிண்டர் நிறுத்தத்தை மறிக்கும் சிறு கருவிகள் சந்தையில் உண்டு. அவை கட்டளையை மட்டுமே தடுக்கின்றன. மடங்கக்கூடிய அந்த லிஃப்டர் உள்ளேயேதான் இருக்கும். பாதி மருந்து என்று சொல்லலாம்.

ராம் டிரக்குகளின் 5.7 லிட்டர் ஹெமி வி8-இலும் இதே குடும்பத்து நோய் உண்டு. லிஃப்டர் உருளையின் நுண்ணிய ஊசி பேரிங் தேய்ந்து கேமைக் கெடுக்கும். நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடும் வண்டிகளில் இது அதிகம் என்பது பல மெக்கானிக்குகளின் கருத்து. ஹெமியில் இன்னொரு டிக் சத்தமும் உண்டு: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் முறிந்து காற்று கசியும் சத்தம். குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் மேனிஃபோல்டு. சூடான பின்னும் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறினால் லிஃப்டரைச் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. 2025 மாடலில் ராம் 1500-இலிருந்து ஹெமியை எடுத்துவிட்டு, வாங்குகிறவர்கள் போட்ட கூச்சலில் 2026 மாடலுக்கு மீண்டும் கொண்டுவந்தார்கள். ஹெமிக்குப் பதிலாக வந்த 3.0 லிட்டர் இரட்டை டர்போ ஹரிக்கேன் இன்ஜின் (ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில்) ஓட்டத்தில் அருமை. ஆனால் டிரக்கில் அதன் அனுபவம் இன்னும் குறைவு. பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டியதில்லை.

6.2 லிட்டர் வி8 பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: 2021 முதல் 2024 வரையிலான மாடலைப் பழையதாக வாங்குவதென்றால் நான் தயங்குவேன். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் வந்தது. கிராங்க் ஷாஃப்டின் அளவிலும் மேற்பரப்பிலும் குறை, ஆயில் வழிகளில் படிவு ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. சோதனையில் தோற்றால் பழுது நீக்குவார்கள் அல்லது இன்ஜினை மாற்றுவார்கள். தேறிய வண்டிகளுக்கு 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் கெட்டியான 0டபிள்யூ-40 ஊற்றி, ஆயில் ஊற்றும் மூடியையும் மாற்றி அனுப்பினார்கள். இதைக் கேட்டு நிம்மதி அடைவதா கவலைப்படுவதா என்பது அவரவர் மனநிலையைப் பொறுத்தது. 5.3 லிட்டர் இந்த ரீகாலில் இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸின் அதே டிரக்குகளில் வரும் 2.7 லிட்டர் டர்போ நான்கு சிலிண்டரை "அவ்வளவு பெரிய வண்டிக்கு நாலா?" என்று ஏளனம் செய்கிறவர்கள் அதிகம். டிரக்குக்கென்றே வடிவமைத்த இன்ஜின் அது. 430 பவுண்டு-அடி முறுக்குவிசை என்பது 5.3 தரும் 383-ஐவிட அதிகம். 3.0 லிட்டர் டுராமேக்ஸ் டீசலும் நல்ல இன்ஜின்தான். ஆனால் அதன் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் இன்ஜினின் பின்புறம் இருக்கிறது. மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். தொடக்ககால மாடல்களுக்கு 1,50,000 மைலில் மாற்றச் சொல்கிறார்கள். 1,30,000 மைல் ஓடிய வண்டி மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஃபோர்டில் 3.5 ஈக்கோபூஸ்ட்டின் 2017 முதல் 2020 வரையிலான மாடல்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் கேம் ஃபேசர் என்ற உறுப்பு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடிகள் கடகடவென்று அடிக்கும். 5.0 லிட்டர் வி8-இல் 2018 முதல் 2020 வரை ஆயில் குடிக்கும் புகார். அதற்கு ஃபோர்டு தந்த தீர்வில் கணினி நிரல் மாற்றத்தோடு ஆயில் அளவு பார்க்கும் குச்சியையும் மாற்றினார்கள். வேகம் குறையும்போது உருவாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சுவதைக் குறைப்பது நிரலின் வேலை. அளவுக் குச்சியை மாற்றியது யாருடைய மன அமைதிக்கு என்று மட்டும் கேட்கத் தோன்றும். 2.7, 3.5, 5.0 ஆகிய மூன்று ஃபோர்டு இன்ஜின்களும் 2017, 2018 முதல் இருவழி எரிபொருள் தெளிப்புக்கு (இன்டேக் வழியிலும் நேராக சிலிண்டருக்குள்ளும்) மாறியதால் இன்டேக் வால்வில் கரி படியும் தொல்லை குறைந்தது.

கனரக வரிசைக்குப் போனால், அதாவது 2500, எஃப்-250 போன்றவை, டீசலின் பெரிய பயம் போஷ் சிபி4 எரிபொருள் பம்ப். அது உள்ளே உராய்ந்து சிதைந்தால் உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும். பம்ப் மட்டும் மாற்றினால் போதாது, எரிபொருள் பாதை முழுவதையும் மாற்ற வேண்டும். செலவு பத்தாயிரம் டாலரைத் தொடும். 2011 முதல் 2016 வரையிலான டுராமேக்ஸிலும், 2011 முதலான ஃபோர்டு 6.7-இலும், 2019, 2020 ராம் கம்மின்ஸிலும் இது உண்டு. ராம் 2021-இல் பழைய சிபி3-க்கே திரும்பியது. தினமும் கனமாக இழுக்காதவருக்கு ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8-ஐப் பரிந்துரைப்பேன்: வார்ப்பிரும்பு பிளாக், புஷ்ராடு, டர்போ இல்லை, சிலிண்டர் நிறுத்தம் இல்லை. எரிபொருள் குடிக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

படி 4: வின் எண்ணை வைத்துத் தேடுங்கள்

விளம்பரத்தில் "வி8" என்று மட்டும் போட்டிருப்பார்கள். வின் எண் என்பது வண்டியின் தனி அடையாள எண்; அதன் எட்டாவது எழுத்து எந்த இன்ஜின் என்பதைச் சொல்லிவிடும். அதே எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டால் முடிக்கப்படாத ரீகால்கள் தெரியும். அங்கேயே அந்த மாடலுக்கான தொழில்நுட்பச் சேவைக் குறிப்புகளும் கிடைக்கும். டீலர்களுக்கு நிறுவனம் அனுப்பும் உள் கடிதங்கள் இவை. "இந்தச் சத்தம் வந்தால் இப்படிச் செய்யுங்கள்" என்று ஒரு நிறுவனம் எழுதுகிறது என்றால், அந்தச் சத்தம் போதுமான அளவு கேட்டிருக்கிறது என்று பொருள். ஒரே பழுதுக்கு மூன்றாவது முறையாகத் திருத்திய குறிப்பு வந்திருந்தால் முதல் இரண்டு தீர்வுகளும் தீர்க்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 5: வாரண்டியை மைலில் கணக்கிடுங்கள்

ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், டொயோட்டா ஆகியவை இன்ஜினுக்கும் கியருக்கும் பொதுவாக 5 ஆண்டு அல்லது 60,000 மைல் தருகின்றன. ஜெனரல் மோட்டார்ஸின் டீசலுக்கு 5 ஆண்டு, 1,00,000 மைல். ராம் 2026 மாடலுக்கு 10 ஆண்டு, 1,00,000 மைல் அறிவித்தது. ஆனால் அது முதல் உரிமையாளருக்கு. நீங்கள் ஆண்டுக்கு 20,000 மைல் ஓட்டுகிறவர் என்றால் ஐந்து ஆண்டு என்ற சொல்லுக்கு உங்களிடம் பொருளே இல்லை. மூன்றாம் ஆண்டே முடிந்துவிடும்.

ஆயிலை வேறு இடத்தில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று டீலர் மிரட்டினால் அஞ்ச வேண்டாம். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் அதை அனுமதிக்காது. ஆனால் ரசீது வைத்திருங்கள். எந்தத் தேதி, எத்தனை மைல், எந்த ஆயில் என்ற மூன்றும் இல்லாமல் லிஃப்டரை மாற்றித் தரக் கேட்டுப் போனால் வாக்குவாதம்தான் மிஞ்சும். நீட்டிப்பு வாரண்டி வாங்குவதென்றால் வண்டித் தயாரிப்பாளரின் பெயரிலேயே உள்ளதை வாங்குங்கள்.

படி 6: பழைய வண்டியைக் குளிர்ந்த நிலையில் கேளுங்கள்

விற்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானட்டின் மீது கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே அந்தச் சத்தத்தைக் கேட்டு முடித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். சில்லென்று இருந்தால் முதல் பத்து நொடிகள்தான் பரிசோதனையின் பாதி. ஃபேசரின் கடகடப்பு, மேனிஃபோல்டின் டிக், செயின் தளர்ந்த உரசல் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ரேடியோவை அணைத்து, பானட்டைத் திறந்துவைத்து, ஒருவர் சாவி திருப்ப நீங்கள் முன்னால் நில்லுங்கள்.

பிறகு திரையில் இன்ஜின் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள். பல டிரக்குகளில் மெனுவில் கிடைக்கும். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம் வரும். 70,000 மைலும் 2,000 மணியும் என்றால் 35. நெடுஞ்சாலையும் ஊரும் கலந்த வாழ்க்கை. அதே 70,000 மைலுக்கு 4,500 மணி என்றால் 16-கூட வராது. அந்த இன்ஜின் நின்ற இடத்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறது, ஓடோமீட்டர் அதைச் சொல்லாது. ஹெமி என்றால் நான் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

படி 7: வாங்கிய பின் ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்

கையேடு 10,000 மைல் வரை போகலாம் என்றாலும், மேலே சொன்ன இன்ஜின்களில் எதுவானாலும் 5,000 மைலில் ஆயில் மாற்றுவேன். பூட்டு ஊசியும் ஃபேசரும் டர்போ பேரிங்கும் ஆயில் அழுத்தத்தையும் தூய்மையையும் நம்பியே வேலை செய்கின்றன. புது வண்டியில் முதல் ஆயில் மாற்றத்தை 1,000 மைலுக்குள் செய்து, கழற்றிய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் நிற மினுமினுப்பு இயல்பு. நகத்தில் தட்டுப்படும் செதிலோ செம்பு நிறத் துணுக்கோ இருந்தால் படம் எடுத்து, ஃபில்டரையும் பையில் போட்டு டீலரிடம் போய்ப் பதிவு செய்யுங்கள். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்பலாம்: ஈயமும் செம்பும் ஏறினால் பேரிங், இரும்பு ஏறினால் கேமோ சிலிண்டரோ, சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கசிவு. ஒரு அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. அடுத்தடுத்த இரண்டு மூன்று அறிக்கைகளை அருகருகே வைத்தால்தான் எண் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.